முற்றத்தில் நிற்கும் ஓடாத கார்: சரி செய்வதா, ஸ்க்ராப்புக்குப் போடுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், சாட்ஸ்வர்த் ஆகட்டும் ஃபீனிக்ஸ் ஆகட்டும், தெருவுக்கு ஒரு வீட்டிலாவது இப்படி ஒரு கார் நிற்கும். டொயோட்டா டாஸ், சிட்டி கோல்ஃப், பழைய கொரோலா, கோர்சா லைட், நிசான் 1400 பக்கி (சின்ன லோடு வண்டி). ஒருநாள் வழியில் நின்றது, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள், அதோடு சரி. "இஞ்சின் போயிடுச்சு, ஸ்க்ராப்புக்குப் போடு" என்பார் சித்தப்பா. "டாஸை யாராச்சும் ஸ்க்ராப்புக்குப் போடுவாங்களா?" என்பார் பக்கத்து வீட்டு அண்ணா. இரண்டு பேரும் பானெட்டை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

இந்தக் கார்களில் சுலபமாகக் கிடைப்பதே இஞ்சின்தான். டாஸ் 2006 வரைக்கும் இங்கேயே ப்ராஸ்பெக்டனில் செய்யப்பட்டது. நிசான் 1400 2008 வரை வந்தது, சிட்டி கோல்ஃப் 2009 வரை வந்தது. உதிரிப் பாகத்துக்குப் பஞ்சமே இல்லை. துரு தின்ற பாடிக்கும் சிக்கல் விழுந்த பேப்பருக்கும்தான் கடையில் மாற்று கிடையாது. அதனால் பார்க்க வேண்டிய வரிசை: முதலில் பேப்பர், அடுத்து பாடி, அப்புறம் இஞ்சின், கடைசியில் கணக்கு. முதல் இரண்டில் கார் தோற்றுவிட்டால் மூன்றாவதுக்கு ஒரு ராண்ட் கூடச் செலவழிக்காதீர்கள்.

பேப்பர்

ரெஜிஸ்ட்ரேஷன் சர்ட்டிஃபிகேட்டைத் தேடி எடுங்கள். அதில் பெயர், நம்பர், கோட் மூன்றையும் நிதானமாகப் படியுங்கள்.

பெயர் இரண்டு இருக்கும். ஓட்டிக்கொண்டிருப்பவர் 'ஓனர்', சட்டப்படி உரிமை உள்ளவர் 'டைட்டில் ஹோல்டர்'. கடன் போட்டு வாங்கிய காரில் டைட்டில் ஹோல்டர் பேங்க். கடன் என்றைக்கோ முடிந்திருந்தாலும் பேங்க் பெயர் அப்படியே கிடக்கலாம். அதை மாற்றாமல் விற்கவும் முடியாது, பதிவை ரத்து செய்யவும் முடியாது.

கார் காலமான தாத்தா பெயரில் இருந்தால், பிள்ளைகள் எல்லோரும் சம்மதித்தாலும் அது போதாது. மாஸ்டர் ஆஃப் தி ஹைகோர்ட் அலுவலகத்திலிருந்து அதிகாரக் கடிதம் வேண்டும். மொத்தச் சொத்து 250,000 ராண்டுக்கு உட்பட்டது என்றால் 'லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி' என்ற எளிய கடிதம் போதும். அதைத் தாண்டினால் சொத்தைக் கவனிக்கும் எக்ஸிக்யூட்டர் நியமனம் ஆக வேண்டும். கடிதம் கைக்கு வர நாளாகும் என்பதால், இந்த வேலையை இன்றே ஆரம்பித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

அடுத்து நம்பர். சர்ட்டிஃபிகேட்டில் உள்ள வி.ஐ.என். நம்பரையும் (காரின் அடையாள எண்) இஞ்சின் நம்பரையும் காரில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். இஞ்சின் நம்பர் பிளாக்கின் பக்கவாட்டில் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இருக்கும். துணியில் கொஞ்சம் பாரஃபின் நனைத்துத் துடையுங்கள், வயர் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்ந்த நம்பரும் தேய்க்கப்பட்ட நம்பரும் போலீஸ் கண்ணுக்கு ஒன்றுதான். முன்பு யாராவது இஞ்சின் மாற்றிவிட்டுப் பதிவில் ஏற்றாமல் விட்டிருந்தால் அந்தச் சிக்கல் இப்போது உங்கள் தலையில். போலீஸ் கிளியரன்ஸ் எடுத்து, நேட்டிஸ் என்ற தேசிய வாகனப் பதிவில் புது நம்பரை ஏற்றினால்தான் ரோட்வர்தி, அதாவது ரோட்டில் ஓடத் தகுதிச் சான்று, கிடைக்கும்.

கோட் என்பது வண்டியின் ஜாதகம். கோட் 2 சாதாரணப் பழைய கார், கவலையில்லை. கோட் 3 மறுபடி கட்டப்பட்டது: பெரும்பாலும் விபத்தில் இன்ஷூரன்ஸ் கைவிட்டு, பிறகு யாரோ எடுத்துச் சரி செய்தது. ஓட்டலாம், ஆனால் விற்கும்போது விலை கீழே போகும். கோட் 3ஏ என்றால் உதிரிப் பாகத்துக்கு மட்டும். கோட் 4 என்றால் அழிக்கப்பட்ட வண்டி. இந்த இரண்டும் மறுபடி ரோட்டுக்கு வரவே முடியாது. யாராவது ஒரு பளபளப்பான கோட் 3ஏ காரைக் காட்டி "பேப்பர் நான் பாத்துக்கறேன்" என்று சொன்னால், அவர் எதைப் பார்த்துக்கொள்வார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

லைசன்ஸ் பாக்கியையும் விசாரியுங்கள். கார் ஓடாமல் நின்றாலும், பதிவு இருக்கும்வரை வருடாவருடம் லைசன்ஸ் கட்டணம் ஏறும், அதன்மேல் அபராதமும் ஏறும். "ஓட்டவே இல்லையே, எதுக்குக் கட்டணும்?" என்ற கேள்விக்குக் கவுண்டரில் பதில் கிடைக்காது. பாக்கியின் மொத்தத் தொகையை எழுதி வையுங்கள், கடைசிக் கணக்கில் வரும்.

பாடி

வேண்டியவை: தட்டையான பழைய ஸ்க்ரூடிரைவர், சின்னக் காந்தம், டார்ச், ஜாக், இரண்டு ஜாக் ஸ்டாண்டு. சிமெண்ட் கல்லை அடியில் வைத்துவிட்டு உள்ளே நுழையாதீர்கள். ஹாலோ பிளாக் விரிசலே காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

டர்பன் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. ஜோஹானஸ்பர்க்கில் இருபது வருடம் நின்ற காரின் அடிப்பாகத்தைவிட, கடலோர ப்ளஃப் பக்கம் ஐந்து வருடம் நின்ற காரின் அடிப்பாகம் மோசமாக இருக்கலாம். மழை படாமல் இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருந்தால் இன்னும் கெடுதல். ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

கதவைத் திறந்து, கீழே ஓடும் ஸில்லைப் பாருங்கள். மேலே பெயிண்ட் நன்றாகத்தான் தெரியும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டிங்' என்று கேட்கும். ஓரிடத்தில் அந்தச் சத்தம் செத்து 'டொப்' என்று ஆகும். அங்கே முனையை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பெயிண்ட் மட்டும் கீறினால் சரி. முனை உள்ளே இறங்கி, வெளியே இழுக்கும்போது பழுப்புத் தூள் கொட்டினால் அங்கே தகடே இல்லை, பெயிண்ட்தான் நிற்கிறது. காந்தம் ஒட்டாத இடத்தில் ஃபில்லர் என்ற நிரப்புப் பசை பூசியிருக்கிறார்கள். விரல் நகம் அளவு ஃபில்லர் பரவாயில்லை. ஒரு முழம் நீளத்துக்கு என்றால் அடியில் எதையோ மறைத்திருக்கிறார்கள்.

இதே சோதனையை எங்கெங்கே செய்வது: ஜாக் வைக்கும் இடங்கள், கார்ப்பெட்டுக்கு அடியில் கால் வைக்கும் தரை, பேட்டரித் தட்டு, முன் ஷாக் மேலே போல்ட் ஆகும் டவர், பின் ஆக்ஸில் பீம் சேரும் இடம், சீட் பெல்ட் ஆணி இறங்கும் இடம், கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள். சிட்டி கோல்ஃபில் பெட்ரோல் ஊற்றும் குழாயைத் தனியாகப் பாருங்கள். அது துருப்பிடித்தால் பொடி டேங்குக்குள் விழுந்து ஃபில்டரை அடைக்கும். வண்டி கொஞ்ச தூரம் ஓடி நின்று நின்று போவதற்கு அதுவே காரணமாக இருக்கும், பழியை ஃப்யூவல் பம்ப் சுமக்கும். நிசான் 1400 என்றால் லோடுபின் தரையையும் கேபின் பின்மூலைகளையும் விடாதீர்கள்.

கிடைத்ததை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலோட்டத் துரு: தேய்த்து ப்ரைமர் அடித்தால் போதும். போல்ட் போட்ட பாகத்தில் ஓட்டை, அதாவது ஃபெண்டர், கதவு, பானெட், டெயில்கேட்: பழைய கார்களைப் பிரித்து விற்கும் யார்டிலிருந்து அதே நிறத்தில் கிடைத்தால் ஒரு மத்தியான வேலை. மூன்றாவதுதான் முக்கியம்: சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் மாட்டும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஓட்டை. அங்கே துரு முழுவதையும் வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துத் தொடர்ச்சியாக வெல்ட் பண்ணி, உள்ளே மெழுகு அடிக்க வேண்டும். பழைய தகட்டின் மேலேயே ஒரு துண்டை ஒட்டி, தார் பூசித் தருகிற 'பேட்ச்' ரோட்வர்தியில் நிற்காது, குழியில் விழுந்தால் ரோட்டிலும் நிற்காது. ஒரு இடத்தில் மட்டும் என்றால் தகடு வேலை செய்யும் நல்ல பானல்பீட்டரிடம் விலை கேளுங்கள். இரண்டு ஸில்லும் போய், தரையும் போய், டவரிலும் ஆரம்பித்திருந்தால் முடிவு வந்துவிட்டது. இஞ்சின் தங்கமாக இருந்தாலும் அந்த இஞ்சினை விற்றுவிட்டு வெறும் பாடியை யார்டுக்கு அனுப்புங்கள்.

பழைய விபத்தைக் கண்டுபிடிக்க டேப் எடுங்கள். பானெட்டுக்குள், இடது ஷாக் டவர் போல்டிலிருந்து வலது ஹெட்லைட் மூலைக்கும், வலது போல்டிலிருந்து இடது மூலைக்கும் குறுக்காக அளக்கவும். இரண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், கதவு இடைவெளிகளும் ஒரு பக்கம் அகலமாக ஒரு பக்கம் ஒடுக்கமாக இருந்தால், உடம்பு வளைந்திருக்கிறது. டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து தேய்ந்து காசைத் தின்னும்.

வெள்ளத்தில் நின்ற காரா?

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் டர்பனில் எந்தப் பழைய காரையும் தொடக்கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் ஏறியிருக்கிறது. ஸ்பேர் வீல் பள்ளத்தின் மூலையில் மணல், சீட் அடி ரெயிலில் துரு, லைட்டுக்குள் ஆவி இதெல்லாம் சாட்சி.

தரை அளவு தண்ணீர் என்றால் கார்ப்பெட்டைப் பிடுங்கிக் காயவைத்து மேலே போகலாம். டேஷ்போர்டு வரை ஏறிய இன்ஜெக்ஷன் கார் முடிந்த கதை. கம்ப்யூட்டர், ஏர்பேக், வயரிங் கனெக்டர் எல்லாம் பச்சைப் பூத்து ஒவ்வொன்றாக ஒரு வருடத்துக்குத் தொல்லை கொடுக்கும். கார்ப்யூரேட்டர் கார் அந்த அளவில் தப்பிக்கும், அதற்கு வயரே குறைவு. எதுவானாலும் சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

இஞ்சின்

இரண்டு சோதனையிலும் கார் தேறியிருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். நீண்ட நாள் நின்ற இஞ்சினை எழுப்ப ஒரு முறை இருக்கிறது. புது பேட்டரி போட்டு நேராக ஸ்டார்ட் அடிப்பது அந்த முறை அல்ல.

டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் கறுப்பாக இருப்பது சகஜம். பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எண்ணெய் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை என்றால் பயப்பட வேண்டாம். பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓட்டிய காரில் அது இயல்பு.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்டில் சாக்கெட் மாட்டிக் கையால் சுற்றுங்கள். பெரும்பாலான இஞ்சின் கடிகார முள் திசை, சில பழைய ஹோண்டா மட்டும் எதிர்த்திசை. இரண்டு முழுச் சுற்று தடங்கலில்லாமல் சுற்றினால் நல்ல சகுனம். ஒரே இடத்தில் வந்து 'டக்' என்று நின்றால் பலம் போடாதீர்கள், டைமிங் பெல்ட் அறுந்தோ நழுவியோ வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. அசையவே மாட்டேன் என்றால் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் பார்க்கலாம், அதற்குமேல் அந்த இஞ்சினை நம்ப வேண்டாம்.

சுற்றுகிறது என்றால் பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். வருடக்கணக்கில் நின்றது வார்னிஷ் வாசம் அடிக்கும், எரியாது. ஃபில்டரை மாற்றி 5 லிட்டர் புதுசு ஊற்றுங்கள். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். கிராங்க் பண்ணும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி அல்லது ஸ்டார்ட்டர் பிரச்சினை, இஞ்சினைத் திட்டாதீர்கள்.

இப்போது கம்ப்ரஷன் டெஸ்ட், சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்று கேஜில் பார்ப்பது. இதைச் செய்யாமல் "இஞ்சின் போச்சு" என்று சொல்கிற மெக்கானிக்கிடம் காரை விடாதீர்கள். எல்லா பிளக்கும் வெளியே. இக்னிஷனும் ஃப்யூவலும் துண்டித்திருக்க வேண்டும். ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்க, ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் துளையிலும் கேஜை மாட்டி, ஸ்டார்ட்டரால் ஐந்தாறு சுற்று. இந்தக் காலத்துப் பெட்ரோல் இஞ்சினுக்கு 10 முதல் 13 பார் வரை வந்தால் நல்லது. 8க்குக் கீழே போனால் நோய். அளவைவிட சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் முக்கியம். நாலும் 10 என்றால் வயசான ஆனால் ஒழுங்கான இஞ்சின். 12, 12, 6, 12 என்றால் ஒன்றில் கோளாறு.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். நன்றாக ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே வரும் அடைப்பு). பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் ஊதியிருக்கிறது என்று அநேகமாக அடித்துச் சொல்லலாம்.

இந்த ஊரில் கார் நின்றுபோவதற்கு அதிகமாகக் காணும் காரணம் சூடேறியதுதான். கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றி, ரேடியேட்டர் அடைத்து, அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் போகும். இதற்கு இஞ்சின் மாற்றத் தேவையில்லை. ஹெட்டைக் கழற்றி எஞ்ஜினியரிங் ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் பண்ணி ஸ்கிம் பண்ண வேண்டும், அதாவது அதன் அடிமுகத்தைச் சீவிச் சமப்படுத்த வேண்டும். நேர்க்கம்பியை ஹெட்டின் மேல் குறுக்காக வைத்து அடியில் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் ஸ்கிம் கட்டாயம். பிளாக்கின் மேல்முகத்தையும் அப்படியே அளக்கச் சொல்லுங்கள், இதை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். கேஸ்கெட் செட், இழுபடும் வகை ஹெட் போல்ட் என்றால் புது போல்ட், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்: இவ்வளவும் ஒரே வேலையில் மாறட்டும். ஏன் சூடேறியது என்று கண்டுபிடிக்காமல் கேஸ்கெட் மட்டும் மாற்றினால் மறு மாதமே திரும்பி வரும்.

அடியிலிருந்து 'கட கட' என்று கனமான தட்டல், எண்ணெய் அழுத்த லைட் ஐடிலில் மினுக்குவது, இவை இருந்தால் பேரிங் போயிருக்கிறது. அப்போது ரீகண்டிஷன் பண்ணுவதைவிட ஜப்பானிலிருந்து வரும் பழைய இஞ்சின் பெரும்பாலும் மலிவாக முடியும், அந்த மாடலுக்குக் கிடைத்தால். வாங்கும்போது இஞ்சின் நம்பர் எழுதிய இன்வாய்ஸ் வேண்டும், ஸ்டார்ட் கேரண்டி எழுத்தில் வேண்டும். வண்டியில் மாட்டுவதற்கு முன்னாலேயே பெல்ட், பம்ப், கிராங்க் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். மேலே சொன்ன போலீஸ் கிளியரன்ஸ் வேலை இதற்கும் உண்டு.

மற்றவை விரைவாக. கிளட்ச் மிதிக்க இரும்பு போல இருந்தால், மேட்டில் வழுக்கினால் கிட் மாற்ற வேண்டும். நின்ற காரில் பிரேக் சிலிண்டர் ஒட்டியிருக்கும், பிரேக் ஃப்ளூயிட் ஈரம் குடித்திருக்கும், இரண்டுக்கும் காசு ஒதுக்குங்கள். டயரின் பக்கத்தில் டாட் (DOT) என்ற எழுத்துக்குப் பின்னால் கடைசி நாலு இலக்கம் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் வருடம் 23ஆம் வாரம். பள்ளம் சட்டப்படி 1 மி.மீ.க்குக் குறையக்கூடாது. ஆனால் நின்ற இடத்திலேயே வெடிப்பு விட்ட பழைய டயருக்கு எவ்வளவு பள்ளம் இருந்தால் என்ன.

கணக்கு

ஒரு டாஸ். ஹெட் கேஸ்கெட் போனது, பாடி நல்லது, பேப்பர் சுத்தம். கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் விதத்தைக் காட்டத்தான், உங்கள் கொட்டேஷனை அங்கங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

ஹெட் வேலை 7,500
ரேடியேட்டர், பம்ப், பெல்ட் 3,200
கிளட்ச் 2,800
நாலு டயர் 3,200
பிரேக் 2,600
பேட்டரி 1,500
லைசன்ஸ் பாக்கி, ரோட்வர்தி, பதிவு 3,000

மொத்தம் 23,800 ராண்ட். இதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு சேருங்கள். கழற்றும்போது உடையும் ஹோஸ், கையோடு வரும் போல்ட் இதற்கெல்லாம் கொட்டேஷனில் இடமிருக்காது. 28,560 ஆகிறது.

இதோடு நிறுத்திவிட்டு, "ஓடுகிற டாஸ் 32,000 போகுது, லாபம்தானே" என்பார்கள். இன்னொரு தொகை விட்டுப்போயிற்று: இப்போதே, ஓடாத நிலையிலேயே விற்றால் என்ன கிடைக்கும்? 8,000 என்று வையுங்கள். சரி செய்ய முடிவெடுத்தால் அந்த 8,000த்தையும் காரில் போடுகிறீர்கள். 36,560. ஓடுகிற டாஸை வெளியே வாங்குவதே மலிவு.

அதே காரில் டயரும் கிளட்சும் நன்றாக இருந்திருந்தால்? 17,800, ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து 21,360, அதோடு 8,000 சேர்த்து 29,360. இப்போது சரி செய்யலாம். எல்லோரும் பயந்த ஹெட் கேஸ்கெட் இரண்டு கணக்கிலும் அப்படியே இருக்கிறது, முடிவை மாற்றியது டயரும் கிளட்சும்தான்.

விற்பனை விலையை விளம்பரத்தில் கேட்கும் விலையிலிருந்து எடுக்காதீர்கள், கைமாறிய விலையை விசாரியுங்கள். தாத்தா ஓட்டிய கார், மனசு வரவில்லை என்றால் அதில் தப்பில்லை. கணக்கில் 'ஆசைக்கு இவ்வளவு' என்று தனி வரி போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதுங்கள். ஆசையை மெக்கானிக் வேலை என்று எழுதினால்தான் சண்டை வரும்.

சரி செய்வது என்றால்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008இன் 68ஆம் எண், உங்கள் பக்கம் இருக்கிறது. வேலைக்கு முன் எழுத்தில் எஸ்டிமேட் கேளுங்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் அதைத் தாண்டிக் கட்டணம் கேட்க முடியாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். தொடக்கத்திலேயே "அண்ணா, பழைய பெல்ட்டும் பம்பும் எனக்கு வேணும், பாக்ஸ்ல போட்டு வைங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். சொன்ன வீட்டுக் காருக்கு வேலை கவனமாக நடக்கும். பொருத்திய புது அல்லது ரீகண்டிஷன் பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் சட்டத்திலேயே உண்டு.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். பாகங்களை மைடாஸ், கோல்ட்வாகன் போன்ற கடைகளில் நீங்களே வாங்கித் தந்தால் மலிவுதான், ஆனால் பாகம் கெட்டால் பழி உங்கள் மேல் வரும். காவடிக்குள் கார் வேண்டும் என்று நாளும் குறிக்காதீர்கள். உங்கள் அவசரம் தெரிந்தால் கேஸ்கெட் விலையும் ஏறும்.

பெயர் மாற்றத்துக்கு ரோட்வர்தி வேண்டுமென்றால் எல்லா வேலையும் முடிந்தபின் எடுங்கள், அது 60 நாள்தான் செல்லும். சொட்டும் எண்ணெய், விரிசல் விட்ட கண்ணாடி, அறுந்த சீட் பெல்ட், ஒலிக்காத ஹூட்டர் இவற்றுக்கே திருப்பி அனுப்புவார்கள். தோற்றால் 14 நாளுக்குள் அந்தக் குறையை மட்டும் சரி செய்து மறு சோதனைக்குப் போகலாம்.

ஸ்க்ராப் என்றால்

வாங்குவோர் மூன்று வகை. ஓடாத காரை முழுசாக வாங்கித் தானே சரி செய்கிற பேக்யார்டு மெக்கானிக், பாகம் பாகமாகப் பிரித்து விற்கும் யார்டு, எடைக்கு வாங்கும் இரும்புக் கடை. பேப்பர் சுத்தமான டாஸுக்கும் கோல்ஃபுக்கும் முதல் ஆளிடம்தான் நல்ல விலை. எடைக்காரர் கடைசி. இந்தச் சின்ன ஹேட்ச்பேக் 800 முதல் 950 கிலோ வரைதான் இருக்கும். அன்றைய கிலோ விலையால் பெருக்கி, இழுத்துப்போகும் கூலியைக் கழித்தால் வருவதுதான் மிச்சம்.

நீங்களே பிரித்து விற்பதென்றால் இடமும் பொறுமையும் வேண்டும். முதலில் போகிறவை: பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், கியர்பாக்ஸ், ஹெட்லைட், கதவுகள், மேக் வீல். இன்ஜெக்ஷன் கார் என்றால் கம்ப்யூட்டர், சாவி, இம்மொபைலைசர் மூன்றையும் ஒரே செட்டாக விற்கவும், தனித்தனியாகப் பயனில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் அது தனி விலை, உள்ளே பிளாட்டினம் வகை உலோகம் இருக்கிறது. கார்ப்யூரேட்டர் காரில் பொதுவாக இருக்காது. எக்ஸாஸ்டில் வீங்கிய பெட்டியெல்லாம் அது என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

நாலு வீலையும் கடைசி வரை கழற்றாதீர்கள். தேய்ந்த டயராவது மாட்டி வையுங்கள். உருளாத பாடியைத் தூக்க வரும் வண்டி இரண்டு மடங்கு கேட்கும், அல்லது வரவே வராது.

இஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட், பெட்ரோல் நாலையும் தனித்தனிக் கேனில் பிடியுங்கள். கலந்த எண்ணெயை மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். பழைய ஆயிலை, எண்ணெய் மறுசுழற்சி அமைப்பான ரோஸ் ஃபவுண்டேஷன் வலையில் உள்ள சேகரிப்பு இடத்தில் கொடுக்கலாம். மழைநீர்க் கால்வாயில் ஊற்றினால் அது நேராக ஆற்றுக்குப் போகும். கூலன்ட் இனிப்புச் சுவை உள்ளது, நாய் நக்கினால் சாகலாம், மூடி வையுங்கள். ஏசி கேஸைத் திறந்து விடாமல் ஏசிக் கடையில் உறிஞ்சிக்கொள்ளச் சொல்லுங்கள்.

யார்டு, செகண்ட்-ஹேண்ட் கூட்ஸ் சட்டப்படி போலீஸில் பதிவானதாக இருக்க வேண்டும். ஒழுங்கான இடத்தில் உங்கள் ஐ.டி.யைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஐ.டி. கேட்காமல் பணம் நீட்டுகிற இடம் உங்கள் காருக்குப் பக்கத்தில் யார் காரை வைத்திருக்கிறது என்று தெரியாது.

காரை முழுசாக ஒருவருக்கு விற்றால் உரிமை மாறியதைத் தெரிவிக்கும் என்.சி.ஓ. படிவத்தை அவர் ஐ.டி. நகலோடு நீங்களே லைசன்ஸ் அலுவலகத்தில் கொடுங்கள். அவர் தன் பெயரில் பதிய 21 நாள் உண்டு, ஆனால் அவரை நம்பி இருந்தால் ஃபைனும் லைசன்ஸ் பாக்கியும் உங்கள் வீட்டுக்கே வரும். 'ஃபுட்ஸ்டூட்ஸ்' (இருக்கிறபடியே விற்பனை) என்று எழுதி விற்றாலும், தெரிந்த குறையை மறைத்தால் அந்த வார்த்தை காப்பாற்றாது.

அழிப்பதற்குக் கொடுத்தால், பதிவு ரத்துக்கான ஏ.டி.வி. படிவத்தோடு ரெஜிஸ்ட்ரேஷன் சர்ட்டிஃபிகேட்டை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யுங்கள். நம்பர் பிளேட்டையும் லைசன்ஸ் டிஸ்க்கையும் டோ வண்டி வருவதற்கு முன்பே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிளேட் வேறொரு காரில் ஏறி ஊர் சுற்ற வேண்டாம். இன்ஷூரன்ஸை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் கடைசி, யார்டின் ரசீதும் பதிவு ரத்தான தாளும் கையில் வந்தபிறகு.